முன்சீட்டா பின்சீட்டா, மருமவனே?

கையில காசு கொஞ்சம் கூடிப்போனா மனுசனுக்கு ரெண்டு ஆசை வரும் மருமவனே. ஒண்ணு, ஊர்ல நிலம் வாங்கணும். இன்னொண்ணு, பழைய கார் வாங்கணும். நிலத்தை வாங்கி சீமைக்கருவேல முள்ளு வளர்த்தாச்சு. இப்ப காரா? நடக்கட்டும்.

ராஜபாளையத்துல ஒரு வெள்ளை அம்பாசிடர், 84-ம் வருசத்து மார்க் 4. மதுரையில ஒரு செகப்பு மாருதி 800, 96 மாடல். ரெண்டையும் போன்ல படம் புடிச்சுக்கிட்டு மெட்ராஸ்ல இருந்து கோவில்பட்டி வரைக்கும் வந்து, “மாமா, எதை வாங்கலாம்?”னு கேக்குற. கேட்ட இடம் சரியான இடந்தான். அரைவாசி ஆயுசை ஸ்டியரிங்குக்குப் பின்னால தொலைச்சவன் நான். ஆனா ஒண்ணு, நான் சொல்றதை அப்படியே நம்பிடாத. என் பேச்சுல பாதி பாசம், பாதி வெசம்னு உங்க அம்மா சொல்லுவா. என்கூடப் பொறந்தவளுக்குத் தெரியாததா?

ரெண்டு வண்டிக்கும் நடுவுல பன்னெண்டு வருசம் வித்தியாசம்னுதான நீ கணக்குப் போட்டிருக்க? ஆர்.சி. புத்தகம் அப்படித்தான் சொல்லும். வண்டி வேற சொல்லும். அம்பாசிடரோட நெசமான வயசு பாக்கணும்னா 1956-க்குப் போகணும். இங்கிலாந்துல மோரிஸ் கம்பெனிக்காரன் ‘மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3’ன்னு ஒரு வண்டி விட்டான். மூணு வருசம் ஓட்டிட்டு சலிச்சுப்போய் அடுத்த மாடலுக்குப் போயிட்டான். நம்ம பிர்லா வீட்டு ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அதே வண்டியக் கல்கத்தா பக்கம் உத்தர்பாராவுல 1957 வாக்குல அடிக்க ஆரம்பிச்சான். பேரு அம்பாசிடர். ஆரம்பிச்சவன் 2014 வரைக்கும் நிறுத்தலை. மார்க் 2, மார்க் 3, மார்க் 4-ன்னு வரும். மூஞ்சியில கிரில்லு மாறும், உள்ள மீட்டர் பலகை மாறும். மார்க்கு ஏறிச்சே தவிர ரேங்கு ஏறலை. 84-ல வாங்கினவன் பளபளன்னு புத்தம் புதுசா வாங்கினது அவுக அப்பன் காலத்து வண்டியத்தான்.

ஏன் மாத்தலைன்னு கேக்குறியா? எதுக்கு மாத்தணும்? அன்னைக்கு ஊரு மொத்தத்துக்கும் கடையில இருந்தது மூணு சரக்கு. உத்தர்பாரா அம்பாசிடர், பம்பாய் ஃபியட், நம்ம வண்டலூர் பக்கத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு. வருசத்துக்கு இத்தனை வண்டிதான் அடிக்கணும்னு சர்க்கார் அளந்து விட்ட காலம். பணம் கட்டிட்டு வருசக்கணக்கா உக்காந்திருக்கணும். கல்யாணத்துக்குன்னு பதிஞ்ச வண்டி காதுகுத்துக்கு வந்து சேரும். இப்ப நீ போன்ல ஒரு அமுக்கு அமுக்கினா பிரியாணி இருவது நிமிசம் லேட்டுன்னு குதிக்கிறியே, உன்னையெல்லாம் அந்தக் காலத்துல விட்டிருந்தா ரத்தக்கொதிப்புலயே போயிருப்ப.

சரி, விசயத்துக்கு வாரேன். வண்டி வாங்கப் போறவுகள்லாம் இஞ்சினைப் பாப்பாக, மைலேஜைப் பாப்பாக. நான் ஒரே ஒரு கேள்விதான் கேப்பேன். வண்டிக்குச் சொந்தக்காரன் எந்த சீட்டுல உக்காருவான்?

மோரிஸ்காரன் கட்டினது என்னமோ குடும்ப வண்டிதான். இங்க வந்ததும் அது பின்சீட்டு வண்டியா ஆயிப்போச்சு. நான் ஒரு தீப்பெட்டி ஆபீஸ் முதலாளிக்கு அம்பாசிடர் ஓட்டினேன். முதலாளிக்கு வண்டியில கிளட்ச் எந்தக் கால்ல இருக்குன்னு கடைசிவரைக்கும் தெரியாது. தெரிஞ்சுக்கிடறது கௌரவக் குறைச்சல். அவுக இடது பக்கம் பின்சீட்டு, மேல வெள்ளைத் துண்டு விரிச்சிருக்கும், சன்னல்ல திரை. கதவை நான் தொறந்து விட்டாத்தான் இறங்குவாக. பின்சீட்டுல கால நீட்டி உக்காரலாம், வேட்டி கசங்காது. கூரை உசரம், அதனால தலப்பாவோட ஏறினவுக தலப்பாவோட இறங்கலாம். முன்சீட்டு ஒரே நீளப் பலகை. கியர் ஸ்டியரிங் தண்டுலயே இருக்குறதால நடுவுல ஒரு ஆளு, ஓரத்துல ஒரு ஆளு, அவுக மடியில ஒரு பிள்ளைன்னு அடைக்கலாம். கல்யாண வீட்டுக்குப் போனா டிரைவருக்கு மட்டும் அரைச் சீட்டு. மீதி உடம்பு கதவுல.

மந்திரி, கலெக்டர், எஸ்.பி., எல்லாரும் இந்த வெள்ளை வண்டியிலதான். எம்.ஜி.ஆரோட அம்பாசிடர் இன்னும் தி.நகர் நினைவு இல்லத்துல நிக்குது, நம்பர் 4777. வண்டி மேல ஒரு செகப்பு லைட்டு சுத்திச்சுன்னா கேட்டுக்காரன் யாரு எவருன்னு கேக்க மாட்டான், சல்யூட்டு அடிச்சுட்டுத்தான் யோசிப்பான். 2001 டிசம்பர்ல பார்லிமெண்டைத் தாக்க வந்த பாவிகளும் செகப்பு லைட்டு வச்ச வெள்ளை அம்பாசிடர்லதான் உள்ள நுழைஞ்சானுவ. வண்டியோட மவுசு அவனுவளுக்கும் தெரிஞ்சிருக்கு. அதுக்கப்புறந்தான் பிரதமரு குண்டு துளைக்காத சீமை வண்டிக்கு மாறினாக. 2017 மே 1-ம் தேதி மந்திரிமாரு செகப்பு லைட்டையும் பிடுங்கியாச்சு. அன்னைக்கு எத்தனை பேருக்கு ராத்திரி தூக்கம் வந்திருக்காது!

இப்ப மாருதிக்கு வா. சனங்களுக்கு ஒரு சின்ன காருங்கிறது சஞ்சய் காந்தி கண்ட கனா. அவரு 1980-ல விமான விபத்துல போயிட்டாரு. அம்மா இந்திரா காந்தி அவரோட கம்பெனிய சர்க்கார் கம்பெனியா மாத்தி, 82-ல ஜப்பான் சுசுகியக் கூட்டுச் சேத்தாக. குர்கான்ல அடிச்ச முத வண்டியோட சாவிய 1983 டிசம்பர் 14-ம் தேதி அந்தம்மாவே கையில குடுத்தாக. யாருக்கு? ஜமீன்தாருக்கா, மில்லு முதலாளிக்கா? இந்தியன் ஏர்லைன்ஸ்ல வேலை பாத்த ஹர்பால் சிங்குக்கு. வண்டி விலை 47,500. பதிஞ்சவுக லட்சத்துக்கு மேல, அதுல குலுக்கிப் போட்டு எடுத்த பேரு. அந்த மனுசன் 2010-ல கண்ண மூடுற வரைக்கும் அதே வண்டியத்தான் வச்சிருந்தாரு. சம்பளக்காரன் ஒருத்தன் தன் கையில சாவிய வாங்கி, தானே ஓட்டிக்கிட்டு வீட்டுக்குப் போனான் பாரு, அன்னைக்குத்தான் பின்சீட்டுக்கு முத அடி விழுந்துச்சு.

எனக்கு விழுந்தது அதுக்கு நாலஞ்சு வருசம் கழிச்சு. எங்க முதலாளி மகன் மெட்ராஸ்ல படிச்சுட்டு வந்து ஒரு மாருதிய எடுத்தாரு. “அண்ணாச்சி, இனிமே நானே ஓட்டிக்கிடுறேன், நீங்க கோடவுனைப் பாத்துக்கிடுங்க”ன்னாரு. மூணு சிலிண்டர், 796 சிசி. என் சோத்துல கை வச்ச இஞ்சின் அது. அதோட நிக்கலை. அவுக வீட்டுக்கார அம்மாவும் மறு மாசமே ஓட்டப் பழகி, வெள்ளிக்கிழமையானா செண்பகவல்லி அம்மன் கோயிலுக்குத் தானே ஓட்டிக்கிட்டுப் போக ஆரம்பிச்சாக. ஊரே வாயப் பொளந்துச்சு. அம்பாசிடர் இருந்த வரைக்கும் அந்தம்மா ஓட்டுறதைப் பத்தி யோசிச்சிருக்க முடியாது. அதோட கிளட்சை மிதிக்க தொடையில பலம் வேணும், நின்ன இடத்துல ஸ்டியரிங்கைத் திருப்ப தோள்ல பலம் வேணும். மாருதியில இடது கை சுண்டு விரலால கியர் போடலாம். ஏறக்குறைய 650 கிலோதான வண்டியே! ஒண்ணேமுக்கால் மாருதியத் தராசுல ஏத்தினாத்தான் ஒரு அம்பாசிடருக்குச் சரியா நிக்கும். கோடவுன்ல உக்காந்து அந்த மாருதிய நான் வஞ்ச வசவு கொஞ்சநஞ்சமில்ல. இப்ப நெனைச்சா, அந்தம்மா அன்னைக்கு கோயில் வாசல்ல இறங்கின தோரணைய வேற எந்த வண்டியும் குடுத்திருக்காதுன்னு தோணுது. சரி விடு, சோறு வேற இடத்துல கிடைச்சுது.

இதையெல்லாம் எதுக்குச் சொல்றேன்? நீ அம்பாசிடரைப் பாத்து ஆசைப்படுறது வண்டி மேல இல்ல. சின்னப் பிள்ளையில பண்ணையார் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த பிளசரை சுத்திச் சுத்தி வந்து தொட்டுப் பாத்து, டிரைவர்கிட்ட அதட்டல் வாங்கினியே, அந்தப் பின்சீட்டு மேல ஆசை. அது வெலைக்கு வராது மருமவனே. நீயே ஸ்டியரிங்கைப் புடிச்சுக்கிட்டு அம்பாசிடர்ல போனா, ரோட்டுல பாக்குறவன் உன்ன யாருன்னு நினைப்பான் தெரியுமா? டிரைவர்னு நினைப்பான். “முதலாளி வரலியா?”ன்னு கேப்பான். வேணும்னா எனக்கு மாசச் சம்பளம் பேசி முன்னால உக்கார வையி, நீ பின்னால துண்டு விரிச்சு உக்காரு. அப்பத்தான் அது நெசமான அம்பாசிடர்.

ஓட்டுற சொகம்னு ஒண்ணு இருக்குல்லன்னு இழுக்குற. இருக்கு. அம்பாசிடரை ஓட்டுறது எருமைய மேய்க்கிற கதை. எந்தப் பக்கம் போகணும்னு நீ சொல்லலாம், எப்பப் போகணும்னு அதுதான் முடிவு பண்ணும். 1489 சிசி பெட்ரோல் இஞ்சின், பழைய இங்கிலீஸ் வார்ப்பு. கீழ இருந்து நல்லா இழுக்கும், ஏத்தத்துல கியர் மாத்தாம மொனகிக்கிட்டே ஏறும். ஆனா பிரேக்கு நாலு வீலுக்கும் டிரம்மு. முன்னால போறவன் நிறுத்தப் போறான்னு நீ ஜாதகம் பாத்து முன்கூட்டியே மிதிக்கணும். பின்னால பட்டை ஸ்பிரிங்கு. குண்டு குழி ரோட்டுல அசராது. நம்ம கரிசக்காட்டு வண்டிப்பாதையில, மழை பேஞ்ச மறுநாள், அது போன இடத்துக்கு இன்னைக்கு உன் இருவது லட்ச ரூவா வண்டி போகாது. 2013-ல லண்டன் பிபிசிக்காரன் டாப் கியர்னு ஒரு நிகழ்ச்சியில உலகத்து டாக்சியெல்லாம் போட்டி போட விட்டு, நம்ம அம்பாசிடருக்குத்தான் முதல்னு சொன்னான். மறு வருசமே கம்பெனியப் பூட்டியாச்சு. கண்ணு பட்டுருச்சு போல.

சித்திரை வெயில்ல அதோட இன்னொரு குணம் தெரியும். மேட்டுல பாதி ஏறினதும் பெட்ரோல் பைப்புக்குள்ளயே ஆவியாகி அடைச்சுக்கிடும். இருமிக்கிட்டு நின்னுரும். நாங்க பானட்டைத் தொறந்து, ஏசி பம்புல ஈரத்துணியச் சுத்தி, ஒரு டீ குடிச்சுட்டு வருவோம். அந்த ஏசி வேற, நீ கேக்குற குளு குளு ஏசி வேற. “மாமா, ஏசி இருக்கா?”ன்னு நீ கேட்டப்ப நான் சிரிச்சதுக்கு அதுதான் காரணம்.

மாருதியில இந்தச் சங்கடம் கொறவு. சோக்கை இழுத்து சாவியத் திருகினா விடியக்காலையிலயும் எந்திரிக்கும். முன்வீல் இழுக்குற வண்டி, லிட்டருக்குப் பதினஞ்சு பதினாறு குடுக்கும். அம்பாசிடர் ஒம்பது குடுத்தா கும்பிட்டு வாங்கிக்க. ஆனா தகரம். மெல்லிசுத் தகரம். லாரிக்காரன் பின்னால வந்து ஆரன் அடிச்சாலே உள்ள உக்காந்திருக்கிறவன் குலசாமியக் கூப்பிடுவான். அம்பாசிடர்ல இடிச்சா எதிர்த்தவனுக்குச் செலவு. மாருதியில இடிச்சா உனக்குத்தான் செலவு, அதுவும் ஆஸ்பத்திரியில. பின்சீட்டுல உங்க அத்தை ஏறி இறங்க ரெண்டு ஆளு துணைக்கு வேணும்.

உன் மாருதி 96 மாடல்னு சொன்னியே, அதுல ஒரு பெருமை இருக்கு. பத்து வருசம் பிரதமரா இருந்த மன்மோகன் சிங், தேர்தல் பிரமாணப் பத்திரத்துல தன் சொந்தக் காருன்னு காட்டினது 96 மாடல் மாருதி 800. சர்க்கார் குடுத்த கருப்பு பி.எம்.டபிள்யூ. வாசல்ல நிக்கும், தன் வண்டின்னு அந்த மனுசன் சொல்லிக்கிட்டது இந்த டப்பாவை. ரிசர்வ் பேங்கு நோட்டுல கையெழுத்துப் போட்டவரு கணக்குப் பாக்காமலா வச்சிருந்திருப்பாரு?

இப்ப காதைக் குடு, காசு விசயம். மதுரை மாருதியப் பாக்கப் போறப்ப பெயிண்டைப் பாக்காத. மிதியடியத் தூக்கித் தரைத் தகரத்தை விரலால குத்திப் பாரு. விரலு உள்ள போனா அப்படியே கும்பிடு போட்டுட்டு வந்துரு. முன்பக்க ஷாக் அப்சர்பர் மாட்டுற இடத்துல துரு இருந்தாலும் அதே கும்பிடு. ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு வட்டம் அடி. முன்னால கடகடன்னு சத்தம் கேட்டா ஆக்சில் ஜாயிண்டு போச்சுன்னு அர்த்தம், விலையில கொறைக்கச் சொல்லு. கார்புரேட்டர் கழுவத் தெரிஞ்ச மெக்கானிக்கு இன்னும் தெருவுக்கு ஒருத்தன் இருப்பான். இருவத்தஞ்சு லட்சத்துக்கு மேல வித்த வண்டி, சாமானுக்குப் பஞ்சம் வராது.

அம்பாசிடருக்கும் பாக்க வேண்டியது இருக்கு. உனக்கு எதுக்கு, இருந்தாலும் சொல்றேன். கதவு அடி, டிக்கித் தரை, ஜாக்கி வைக்கிற இடம், மூணுலயும் காந்தத்தை ஒட்ட வச்சுப் பாக்கணும். ஒட்டலைன்னா உள்ள தகரம் இல்ல, பட்டிதான். முன்வீலை ஜாக்கியில தூக்கி மேல கீழ புடிச்சு ஆட்டிப் பாக்கணும். கியர் தண்டு ரெண்டாவதுல இருந்து மூணாவதுக்குப் போறப்ப சிக்கிச்சுன்னா பயப்பட வேண்டாம், புஷ்ஷு தேய்மானம், மலிவு வேலை. இஞ்சின் நம்பரும் ஆர்.சி. நம்பரும் ஒண்ணாங்கிறது முக்கியம். நிறையப் பேரு நடுவுல டீசல் இஞ்சினைத் தூக்கி வச்சிருப்பாக. அந்த ராஜபாளையத்து வண்டியில பழைய பெட்ரோல் இஞ்சினேதான் இருக்குன்னயே? உறுதியாத் தெரியுமா? சரி, சரி, சும்மா கேட்டேன்.

ரெண்டுக்கும் பொதுவா ஒரு தலைவலி சர்க்கார். பதினஞ்சு வருசம் தாண்டின வண்டிக்கு அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா ஆர்.டி.ஓ. வாசல்ல நின்னு பதிவைப் புதுப்பிக்கணும். 600 ரூவாயா இருந்த கட்டணத்தை 2022-ல 5,000 ஆக்கினாக, 2025-ல இருவது வருசம் தாண்டின வண்டிக்கு 10,000 ஆக்கிட்டாக. பசுமை வரி தனி. பெட்ரோல்ல இப்ப நூத்துக்கு இருவது பங்கு எத்தனால். பழைய ரப்பர் ஓசுக்கும் வாசருக்கும் அது ஆகாது, எல்லாத்தையும் மாத்திப் போடணும். அம்பது வருசம் ஆன வண்டின்னா விண்டேஜ்னு தனிப் பதிவு, நம்பர்லயே ‘விஏ’ன்னு போட்டுக் குடுக்காக. ஆனா தினசரி ஓட்டக் கூடாது, காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் கொண்டு போகலாம். ராஜபாளையத்து வண்டிக்கு 2034-ல அம்பது முடியும். இஞ்சின், பாடி எதையும் மாத்தாம வச்சிருந்தா அன்னைக்கு அது தங்கம். அதுக்கெல்லாம் நீ பொறுமையா உக்காந்திருக்கிற ஆளா? பிரியாணிக்கே இருவது நிமிசம் பொறுக்காதவன்.

ரெண்டு வண்டியும் ஒரே வருசத்துலதான் மூச்ச நிறுத்துச்சு, கவனிச்சியா? மாருதி 800 கடைசி வண்டி 2014 ஜனவரி 18. உத்தர்பாரா கேட்டைப் பூட்டுனது அதே வருசம் மே மாசம். மாமனாரும் மருமவனும் ஒரே வீட்டுல சண்டை போட்டுக்கிட்டே இருந்து ஒரே வருசத்துல போன கணக்கு. அம்பாசிடர்ங்கிற பேரை மட்டும் 2017-ல ஃபிரான்சு பெஜோ கம்பெனிக்காரன் 80 கோடிக்கு வாங்கிட்டுப் போயிட்டான். வெறும் பேருக்கு 80 கோடி! வண்டியை வச்சிருக்கிறவன் இங்க தகரக் கொட்டகையில நிறுத்தி, கோழிய அடைச்சு வச்சிருக்கான்.

என் தீர்ப்பு என்னன்னா, மாருதிய எடு. உங்க அடுக்குமாடியில ஒரு வண்டி நிக்கத்தான் எடம், அதுல அம்பாசிடரை நுழைச்சா நீ சன்னல் வழியாத்தான் இறங்கணும். உன் பொண்டாட்டியும் ஓட்டுவா. வண்டி நின்னுபோனா ரெண்டு பேரு தள்ளிரலாம். ஞாயித்துக்கிழமை மகாபலிபுரம் வரைக்கும் போய், நாலு படம் புடிச்சுப் போட்டு, நூறு பேரு நல்லாருக்குன்னு சொன்னா உனக்குப் போதும். அதுக்கு மாருதி தாங்கும். அம்பாசிடர்னா தினமும் ஒருத்தன் கிரீஸ் கையோட கூட நிக்கணும். வேலை வெட்டி இல்லாத, வயசான, பழைய டிரைவர் எவனாவது வச்சிருந்தாத்தான் அது அடங்கும்.

நாளைக்கே மதுரைக்குப் போய் அட்வான்ஸைக் குடு. போறதுக்கு முன்னால அந்த ராஜபாளையத்துக்காரன் போன் நம்பரை இந்தக் காலண்டர் தாள்ல எழுதி வச்சுட்டுப் போ. கடைசி விலை எவ்வளவு சொன்னான்? அதையும் பக்கத்துலயே எழுது. உங்க அத்தைகிட்ட மட்டும் சொல்லிறாத.